டிரைவர் பார்க்காத விளக்கு!

மாலை 6½ மணி. இருட்டத் தொடங்கிவிட்டது.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, நெல்லையை நோக்கி ஒரு வெள்ளை அம்பாசடர் கார் வந்துகொண்டு இருந்தது. ஓட்டி வந்தவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். வயது 70-ஐத் தாண்டியவர். பக்கத்து சீட்டில் பேத்தி. பின் சீட்டில் அவருடைய மனைவியும், மகளும்.

திடீரென்று ஓர் எருமை ரோட்டின் குறுக்கே வந்தது.

ஆசிரியர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது.

அதே நொடியில், பின்னால் "கிரீச்" என்று ஒரு சத்தம்!

ஒரு ஸ்கூட்டர். அதில் ஒரு வாலிபர். அவருக்குப் பின்னால் மனைவி. முன்னால், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டு ஒரு சின்னஞ்சிறு குழந்தை. ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்கும் காரின் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

வாலிபர் இறங்கி ஓடி வந்தார். அவருடைய கை நடுங்கியது.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் செய்துவிட்டீர்களே! வால் விளக்கு மங்கலாக எரிகிறது. பிரேக் போட்டால் அது 'பளிச்' என்று ஆக வேண்டாமா? ஆகவே இல்லையே!"

"அப்படியா? காலையில்கூட நன்றாகத்தானே..."

ஆசிரியர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். காலையில் எரிந்ததா? அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கவே இல்லையே!

பிறருக்காக எரிவது

காரில் எத்தனையோ விளக்குகள் உண்டு. முன் விளக்கு கெட்டால் டிரைவருக்கு ரோடு தெரியாது, உடனே கண்டுபிடித்துவிடுவார். கை காட்டும் விளக்கு கெட்டால் "டக், டக்" என்ற சத்தம் மாறிவிடும். உள் விளக்கு கெட்டால் மனைவி சொல்லிவிடுவார்.

ஆனால், பிரேக் விளக்கு மட்டும் அப்படி அல்ல. அது பிறருக்காக எரிவது. சொந்தக்காரர் காலை வைக்கும்போதுதான் அது எரியும். காலை எடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தால் அணைந்து இருக்கும். புதிய கார்கள் சிலவற்றில் "விளக்கு போய்விட்டது" என்று டாஷ் போர்டிலேயே தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. பழைய கார்களில் அது கிடையாது. பின்னால் வருகிறவர் திட்டினால்தான் தெரியும். அல்லது இடித்தால்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஓர் அம்பாசடரின் நீளம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது, பின்னால் வருகிறவருக்கு "முன் வண்டி நிற்கிறது" என்று ஒரு நொடி தாமதமாகத் தெரிந்தால், அதற்குள் அவருடைய வண்டி மூன்று அம்பாசடர் கார்களின் நீளத்தைத் தாண்டி வந்துவிடும்!

இந்தச் சிவப்பு விளக்குக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை அமெரிக்காவில் ஒரு சோதனை காட்டியது. 1974-ம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில், ஜான் வோவோட்ஸ்கி என்ற மனநூல் அறிஞர் 343 டாக்சிகளின் பின்புறம், நடுவில், கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். அந்த டாக்சிகளைப் பின்னால் வந்து இடிக்கும் விபத்துகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன! பிறகு, 1986-ம் ஆண்டு மாடலில் இருந்து அமெரிக்கக் கார்களுக்கு அந்த மூன்றாவது விளக்கு கட்டாயம் ஆக்கப்பட்டது. எல்லாக் கார்களிலும் அது வந்த பிறகு, ஆதாயம் முதலில் கண்ட அளவுக்கு இல்லை. பின் இடி விபத்துகளில் 100-க்கு 4 என்ற அளவில்தான் குறைந்தது. கூடுதலாக ஒரு விளக்கு வைத்ததற்கே இந்தப் பலன் என்றால், இருக்கும் இரண்டும் எரியாமல் போனால் என்ன ஆகும்?

நெல்லை ரோட்டுக்குத் திரும்புவோம்.

அந்த வாலிபர் கோபக்காரர்தான், ஆனால் நல்லவர். "அண்ணாச்சி, நீங்கள் மெதுவாகப் போங்கள். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே வருகிறேன். என் வண்டியில் விளக்கு எரிகிறது" என்றார். ஆசிரியர் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மேலும் கீழும் ஆட்டி, "வேகத்தைக் குறைக்கிறேன்" என்று சைகை காட்டியபடியே ஓட்டினார். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சைகை அது. இன்றைக்குப் பலருக்குக் காட்டவும் தெரியாது. பார்த்தால் புரியவும் புரியாது. இருட்டிலோ அது தெரியவே தெரியாது.

ஊர் வந்து சேர்ந்தார்கள். மனைவி திருஷ்டி கழித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

நாலு தலைமுறைக் கார்

அம்பாசடர் காரைத் தெரியாதவர் நம் நாட்டில் இருக்க முடியாது. இங்கிலாந்தில் உண்டான "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" என்ற காரின் மூன்றாவது வரிசைதான் இதற்குத் தாய். மேற்கு வங்காளத்தில், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதியில் தயாராகத் தொடங்கி, 2014-ம் ஆண்டு மே மாதத்தில் தயாரிப்பு நின்றது. மந்திரிகள் போனார்கள், கலெக்டர்கள் போனார்கள், மாப்பிள்ளை ஊர்வலமும் போயிற்று. டாக்சியாகவும் ஓடியது.

இப்போது மிச்சம் இருப்பவற்றை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. தகப்பனார் வாங்கியது, தாத்தா வாங்கியது என்று விற்க மனம் வராமல் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துடைப்பார்கள். மாதம் ஒரு முறை கோயிலுக்கு எடுத்துப் போவார்கள்.

இப்படி எப்போதாவது ஓடும் காரில்தான் பிரேக் விளக்கு அதிகம் கெடுகிறது. தினம் ஓடும் காரில் சுவிட்சும் ஒயர் முனைகளும் தேய்ந்து தேய்ந்து சுத்தமாகவே இருக்கும். சும்மா நிற்கும் காரில் களிம்பு ஏறும், துரு ஏறும்.

மெக்கானிக் கேட்ட கேள்வி

மறுநாள் காலையில் ஆசிரியர் முதல் வேலையாகக் கடைக்குப் போய் இரண்டு பல்பு வாங்கி வந்தார். டிக்கிப் பக்கம் உட்கார்ந்து, சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி, பல்புகளை மாற்றினார். பேத்தியைப் பார்க்கச் சொல்லிவிட்டு பிரேக்கை மிதித்தார்.

"எரியலை, தாத்தா!"

பல்புக்குக் கொடுத்த காசு வீண். பாளையங்கோட்டையில் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். 40 வருஷமாக அம்பாசடரோடு பழகியவர். வந்ததும் அவர் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, ஒரு பக்கம் எரியவில்லையா? இரண்டு பக்கமுமா?"

"இரண்டு பக்கமும்தான்."

"அப்படியானால் பல்பை ஏன் மாற்றினீர்கள்? இரண்டு பல்பும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளிலா போகும்?"

இதுதான் சங்கதி! ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால், கோளாறு அந்தப் பக்கத்து விளக்கில்தான். பல்பு, ஹோல்டர், அல்லது அங்கே உள்ள "எர்த்". இரண்டு பக்கமும் சேர்ந்து எரியவில்லை என்றால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில். அதாவது பியூஸ், சுவிட்சு, அல்லது டிக்கிக்குப் போகும் ஒயர். (இரண்டு பல்புகளுமே போய்விடுவதும் உண்டு. ஒன்று போய் ஆறு மாதம் ஆகியும் யாரும் கவனிக்காமல், பிறகு மற்றதும் போயிருக்கும்.)

மின்சாரம் போகும் பாதை தெரிந்தால் இது எளிதில் விளங்கும். பேட்டரியில் இருந்து சாவிக்கு வருகிறது. சாவியில் இருந்து பியூஸ். பியூசில் இருந்து பிரேக் சுவிட்சு. காலை மிதித்தால் சுவிட்சு வழிவிடும். அங்கிருந்து ஒரே ஒயர் பின்னால் போய், இரண்டாகப் பிரிந்து, இரண்டு பல்புகளுக்கும் போகிறது. பல்பை எரித்துவிட்டு, காரின் இரும்பு உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் "எர்த்" என்று பெயர்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால், விவசாயி என்ன செய்வார்? வயலில் நின்றுகொண்டு மண்வெட்டியை மாற்றுவாரா? வாய்க்காலோடு நடந்து, எந்த இடம் வரையில் தண்ணீர் வருகிறது என்று பார்ப்பார். அதே வேலைதான் இதுவும்.

மூவரும் ஊமையானால்...

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். என்ஜினை ஓட்டவில்லை. வலது பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டார். "டக், டக்" என்று எரிந்தது. வைப்பரைப் போட்டார். ஆடியது. பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். ஏறியது.

"பியூஸ் நன்றாக இருக்கிறது" என்றார், பானெட்டைத் திறக்காமலே!

ஆசிரியருக்கு ஆச்சரியம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மாரிஸ் குடும்பத்துப் பழைய கார்களில் பியூஸ் பெட்டியில் இரண்டே பியூஸ்கள் இருக்கும். சாவியைத் திருப்பினால் மட்டும் வேலை செய்யும் சாமான்கள், அதாவது திரும்பும் விளக்கு, வைப்பர், பெட்ரோல் முள், பிரேக் விளக்கு ஆகியவை, ஒரே பியூசைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே, மற்ற மூன்றும் வேலை செய்தால் பியூஸ் மேல் சந்தேகம் வேண்டாம். பிரேக் விளக்கோடு அந்த மூன்றும் ஊமையாகிவிட்டால், பியூசைப் பாருங்கள். உள்ளே கம்பி போயிருக்கலாம். கம்பி நன்றாக இருந்தும், அதைப் பிடித்திருக்கும் பித்தளை நாக்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும்.

பியூஸ் போனால், சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். சிலர் தடித்த செப்புக் கம்பியை வைக்கிறார்கள். இதைவிட மடத்தனம் வேறு இல்லை. பியூஸ் என்பது காவல்காரன். எங்கோ ஓர் ஒயர் உரசிக்கொண்டு இருக்கிறது என்பதற்காகத் தன்னை எரித்துக்கொண்டு காரைக் காப்பாற்றுகிறது. அந்தக் காவல்காரனை நீக்கிவிட்டால், அடுத்தபடி எரியப்போவது ஒயர். பிறகு கார்!

வால் விளக்கு செய்யும் வேடிக்கை

ஆசிரியரின் காரில் இல்லாவிட்டாலும், "எர்த்" கோளாறைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால், மற்றக் கோளாறுகளைக் காட்டிலும் அது ஆளை அதிகம் குழப்பும்.

பிரேக்கை மிதித்தால் விளக்கு பளிச்சிடுவதற்குப் பதில் இன்னும் மங்கும். அல்லது, திரும்பும் விளக்கும் சேர்ந்து லேசாக மின்னும். "காரில் பேய் புகுந்துவிட்டதா?" என்றுகூடத் தோன்றும்.

பேயும் இல்லை, பூதமும் இல்லை. விளக்குக் கூட்டுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே துரு! மின்சாரம் வந்துவிட்டது, திரும்பிப் போக வழி இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அடுத்த வீட்டு முற்றத்தில் ஏறுவதுபோல, அது பக்கத்தில் உள்ள வேறு பல்பின் வழியாகப் புகுந்து திரும்பப் பார்க்கிறது. விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்படி செய்து மாட்டினால் பேய் ஓடிவிடும்!

பல்பை மாற்றும்போதும் ஒரு எச்சரிக்கை. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று 5 வாட். அது வால் விளக்கு. இன்னொன்று 21 வாட்; அது பிரேக் விளக்கு. இரண்டும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான், பல்பின் இடுப்பில் உள்ள இரண்டு காதுகளையும் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வைத்திருக்கிறார்கள். பழைய ஹோல்டர் தேய்ந்துபோயிருந்தால், பலம் போட்டுத் திருகும்போது பல்பு தலைகீழாகவும் ஏறிவிடும். அப்போது வால் விளக்கு பளிச்சென்றும், பிரேக் விளக்கு மங்கலாகவும் எரியும். பின்னால் வருகிறவருக்கு எது என்று எப்படித் தெரியும்?

இப்போது எல்.இ.டி. பல்புகளை வாங்கிப் போடுகிறார்கள். அவற்றில் ஒரு நன்மை உண்டு. இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தருவதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். ஆனால், மிகப் பழைய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் "பிளஸ்" முனைதான் காரின் உடம்போடு சேர்க்கப்பட்டிருக்கும். அந்தக் காரில் சாதாரண எல்.இ.டி. பல்பைப் போட்டால் எரியாது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

இரண்டு ஒயர்களை முட்டவிட்டார்

மெக்கானிக் இப்போது சுவிட்சைத் தேடினார்.

புதிய கார்களில் பிரேக் சுவிட்சு, பெடலுக்கு மேலே இருக்கும். காலை மிதித்ததும் பெடல் அதை விட்டு விலகும், விளக்கு எரியும். கதவைத் திறந்தால் உள் விளக்கு எரிகிறதே, அதைப்போல.

பழைய மாரிஸ் வழிக் கார்களில் அது வேறு விதம். பிரேக் ஆயில் ஓடும் குழாயிலேயே சுவிட்சு திருகப்பட்டிருக்கும். காலை மிதித்தால் குழாய்க்குள் ஆயில் நெருக்கும். அந்த நெருக்கலில் சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு உப்பும். உப்பிய சவ்வு இரண்டு ஒயர்களின் முனைகளையும் சேர்த்துவைக்கும். விளக்கு எரியும்.

மெக்கானிக் அந்தச் சுவிட்சில் இருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றினார். ஒன்று பச்சை. இன்னொன்று பச்சையில் கத்தரிப்பூ நிறக் கோடு. பழைய ஆங்கிலேயக் கார்களில் இதுதான் வழக்கம். (நம் ஊரில் பலமுறை ஒயர் மாற்றிய கார்களில் நிறத்தை நம்ப முடியாது, கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார்கள்.) சாவியைத் திருப்பிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று முட்டவிட்டார்.

"எரியுது! இரண்டு பக்கமும் எரியுது!" என்று பின்னால் இருந்து பேத்தி கூவினாள்.

பல்பு நல்லது. ஒயர் நல்லது. எர்த் நல்லது. குற்றவாளி, சுவிட்சு!

முட்டவிட்டும் எரியாமல் இருந்திருந்தால், ஒரு சிறிய 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டு தேட வேண்டி இருந்திருக்கும். ஓர் ஒயரைக் காரின் சுத்தமான இரும்பில் வைத்து, மற்றதைப் பச்சை ஒயரில் தொட்டால், அங்கே மின்சாரம் வருகிறதா என்று தெரியும். வந்தால், அடுத்து டிக்கியில் தேட வேண்டும். ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடி ஆடி ஒயரை உரசி அறுத்திருப்பது பழைய கார்களில் சகஜம். இந்தச் சோதனைகளைச் செய்யும்போது, என்ஜின் ஓடாமல் சாவியை வெகுநேரம் திருப்பியே வைத்திருக்கக் கூடாது. பழைய காரில் இக்னிஷன் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

ஒயர் முனையில் ஈரம்!

"புது சுவிட்சு வாங்கி வரட்டுமா?" என்று ஆசிரியர் கிளம்பினார்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. கழற்றிய ஒயரின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயா, கொஞ்ச நாளாக பிரேக் எப்படிப் பிடிக்கிறது?"

"நன்றாகத்தான் பிடிக்கிறது. ஒரு தடவை மிதித்தால் கொஞ்சம் ஆழமாகப் போகும். இரண்டு தடவை மிதித்தால் சரியாகிவிடும். பழைய வண்டிதானே?"

மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

சுவிட்சின் சவ்வு கிழிந்திருந்தது. ஆயில் அதன் வழியாகக் கசிந்து, ஒயர் முனை வரையில் வந்துவிட்டது. விளக்கு எரியாததற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் சொட்டுச் சொட்டாக வெளியே போய்க்கொண்டு இருந்தது.

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதைதான். இப்போதைய கார்களில் இரண்டு பாதைகள் தனித்தனியாக இருக்கும்; ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். இதில் ஒன்று போனால் எல்லாம் போயிற்று. டப்பா காலியாகி, குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. கைப் பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது என்பது "பழைய வண்டி" என்பதற்கு அடையாளம் அல்ல. உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ஆயில் குறைந்துவிட்டது, அல்லது சக்கரத்தில் உள்ள பிரேக் கட்டை தேய்ந்து தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆயில் நெருக்கினால் எரியும் விளக்கு, முதல் மிதியில் எரியாமல் இரண்டாவது மிதியில் எரிந்தால், அதுவும் அதே செய்தியைத்தான் சொல்லுகிறது. அந்த நேரத்தில் விளக்கை மட்டும் சரிசெய்ய முயல்வது, மணி அடிக்கிறது என்பதற்காக மணியின் நாக்கைக் கழற்றிவிடுவதுபோல் ஆகும். பெடலுக்கு மேலே தனியாக ஒரு சுவிட்சு வைத்து, விளக்கை எரியவைத்துவிட்டு, குழாய்ச் சுவிட்சைக் கசியவிட்டபடியே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஆசிரியர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேற்று ராத்திரி இதோடுதான் குழந்தையையும் வைத்துக்கொண்டு வந்தேனா?" என்றார்.

மனைவி உள்ளே இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்த ஸ்கூட்டர் பிள்ளை திட்டாமல் போயிருந்தால்?" என்று மட்டும் கேட்டார்.

காற்று எடுக்கும் வேலை

புதிய சுவிட்சு வந்தது. பழையதைக் கழற்றியதும் குழாயில் இருந்து ஆயில் வழிந்தது. மெக்கானிக் அடியில் ஒரு தகர டப்பாவை வைத்துப் பிடித்தார். பிரேக் ஆயில் பட்டால் காரின் பெயிண்ட் உரிந்துவிடும். பட்ட இடத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சுவிட்சை மாற்றியதோடு வேலை முடியவில்லை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆசிரியர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தார். மெக்கானிக், தூரத்தில் உள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கினார். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சிறிய திருகில் ரப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறு முனையை, கொஞ்சம் ஆயில் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் அமிழ்த்தினார்.

"மிதியுங்கள்... அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்... இப்போது விடுங்கள்."

மிதித்துப் பிடித்திருக்கும்போது திருகைத் தளர்த்துவார். பாட்டிலில் குமிழ் குமிழாகக் காற்று வரும். காலை எடுப்பதற்கு முன் திருகை இறுக்கிவிடுவார். இறுக்காமல் காலை எடுத்தால், வெளியே வந்த காற்று மறுபடியும் உள்ளே போய்விடும். குமிழ் நின்ற பிறகு அடுத்த சக்கரம். நடுநடுவே டப்பாவில் புதிய ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் வந்த பழைய ஆயிலை மறுபடி ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் சுபாவம் உள்ளது. அவசரத்துக்கு என்று என்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது. உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊறி வீங்கி, பிரேக் முழுவதும் பாழாகிவிடும்.

இந்தக் காற்று எடுக்கும் வேலையைப் பழக்கம் இல்லாதவர்கள் தாங்களாகவே செய்யாமல் இருப்பது நல்லது. பல்பு, பியூஸ், எர்த், ஒயர் ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தப்பு நடந்தாலும் விளக்குதான் எரியாது. ஆயில் குழாயில் தப்பு நடந்தால் கார் நிற்காது.

நான்கு சக்கரமும் முடிந்தது. ஆசிரியர் பெடலை மிதித்தார். கல்போல் நின்றது. கீழே இறங்கவில்லை.

சுவரில் விழுந்த சிவப்பு

"இனிமேல் எரிகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் இவளைப் பின்னால் நிற்கவைக்க முடியுமா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"பின்னால் நிற்கவே வைக்காதீர்கள், ஐயா. பார்க்கிறவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். கைப் பிரேக் போட்டிருக்க வேண்டும். என்ஜின் ஓடக் கூடாது. கால் தவறினால் கார் பின்னால் நகர்ந்துவிடும்" என்றார் மெக்கானிக். பிறகு, வேறு ஒரு வழி காட்டிக் கொடுத்தார்.

மாலையில், காரைப் பின்னோக்கிக் கொண்டுபோய் வெள்ளையடித்த சுவருக்கு அருகே நிறுத்துங்கள். சாவி திருப்பியபடி இருக்கட்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள். கண்ணாடியில் பாருங்கள். சுவரின் இரண்டு பக்கமும் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். காலை எடுத்ததும் மறைந்துவிடவும் வேண்டும். மறையாமல் எரிந்துகொண்டே இருந்தால், அதுவும் கோளாறுதான். எப்போதும் எரியும் விளக்கைப் பார்த்து யாரும் பிரேக் போட மாட்டார்கள்.

பக்கத்தில் சுவர் இல்லாவிட்டால், சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்கும் வண்டியின் பளபளப்பான முகப்பில் சிவப்பு தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்க்கலாம். டாக்சிக்காரர்கள் பலர் இப்படித்தான் பார்ப்பது வழக்கம்.

அன்று மாலை, ஆசிரியர் காரைப் பின்னோக்கிக் கொண்டுபோய், எதிர்வீட்டுச் சுவர் ஓரம் நிறுத்தினார். மிதித்தார். இரண்டு சிவப்பு வட்டங்கள் விழுந்தன. காலை எடுத்தார். மறைந்தன. மறுபடியும் மிதித்தார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன சார், சினிமாவா காட்டுகிறீர்கள்?" என்று கேட்கும் வரையில் மிதித்துக்கொண்டே இருந்தார்.

இரவு படுக்கப் போகுமுன், பேத்தி ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துப்போய், காருக்கு அடியில், சுவிட்சு இருக்கும் இடத்துக்கு நேர்கீழே விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். மெக்கானிக் சொல்லிவிட்டுப் போன யோசனை அது. புதிதாக மாட்டிய இடத்தில் கசிவு இருந்தால், காலையில் தாளில் கறை தெரியும்.

விடிந்ததும் முதலில் எழுந்து ஓடியவர் ஆசிரியர்தான். குனிந்து தாளை உருவிப் பார்த்தார்.

கறை இல்லை.